நாரி நோவும் கழுத்து நோவும்: கத்தி எப்போது, காத்திருப்பு எப்போது?

ஜனவரி மாதம் எங்களுக்குத் தூக்கம் குறைந்த மாதம். பிரித்தானியாவில் சுயதொழில் செய்பவர்கள் வருமானக் கணக்கை இணையவழியாக ஒப்படைப்பதற்கு ஜனவரி 31 கடைசி நாள். கடை வைத்திருப்பவர்களும் டாக்சி ஓட்டுபவர்களும் பொலித்தீன் பைகளில் பற்றுச்சீட்டுகளைக் கட்டிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டும் காலம் அது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஜனவரியின் கடைசிக் கிழமையில் கதிரையை விட்டு எழும்பியபோது, நாரியில் தொடங்கி இடது காற்பெருவிரல் வரை மின்சாரம் அடித்ததுபோல ஒரு நோ இறங்கியது. அன்றிரவு மாடிப்படி ஏற முடியவில்லை. வரவேற்பறைத் தரையிலேயே படுத்துக் கிடந்தோம்.

விடிந்ததும் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. பாதிப் பேர், “உடனே ஒபரேசன் செய்யுங்கோ, ஒரு நாளிலை எழும்பி நடக்கலாம்” என்றார்கள். மற்றப் பாதிப் பேர், “முள்ளந்தண்டிலை கத்தி வைக்க விட்டால் பிறகு படுக்கைதான்” என்றார்கள். இரு பக்கத்தாரிடமும் ஒரு மச்சானின் கதை, ஒரு சித்தப்பாவின் கதை இருந்தது. இதற்கிடையில் மகன், வெளிநாட்டுத் தனியார் வைத்தியசாலை ஒன்றின் விலைப்பட்டியலையும் விமானச் சீட்டின் விலையையும் கூட்டி வைத்துவிட்டான்.

நாங்கள் வைத்தியர் அல்ல. வணிகமாணிப் பட்டத்தோடு இந்த நாட்டுக்கு வந்து, பல ஆண்டுகள் பெற்றோல் நிலையத்தில் நின்று, பிறகு கணக்கெழுதப் பழகியவர்கள். ஆனால் எங்கள் ஒரே வீட்டில் ஒரு நாரியும் ஒரு கழுத்தும் பழுதாகின. ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. மற்றதற்குத் தேவைப்பட்டது, அதையும் தாமதமாகவே விளங்கிக்கொண்டோம். அந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை எங்கள் சனத்துக்குப் புரியும் தமிழில் எழுதிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது உங்கள் வைத்தியரின் ஆலோசனைக்குப் பதிலாக அல்ல, அவர் முன்னால் போய் இருக்கும்போது எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்று தெரிந்திருப்பதற்காக.

நோ எங்கிருந்து வருகிறது?

முள்ளந்தண்டில் 33 முள்ளென்புகள் உள்ளன. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, நாரியில் 5. அதற்குக் கீழுள்ளவை ஒன்றோடொன்று பொருந்திப்போனவை. அசையும் முள்ளென்புகளுக்கு இடையே மெத்தைபோல இருப்பவைதான் நாம் ‘டிஸ்க்’ என்று சொல்லும் வட்டத்தட்டுகள். என்புகளின் நடுவே உள்ள குழாய் வழியாக முண்ணாண் என்னும் நரம்புத் தண்டு இறங்குகிறது. அது நாரியின் மேற்பகுதியில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால்போலக் கற்றையாக இறங்கும். ஒவ்வொரு மட்டத்திலும் இரு பக்கமும் நரம்பு வேர்கள் வெளியேறிக் கைகளுக்கும் கால்களுக்கும் போகின்றன.

நோவை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

முதலாவது, தசை, மூட்டு, தட்டு ஆகியவற்றின் பொதுவான நோ. நாரியிலோ கழுத்திலோ பிடிக்கும், குனிந்தால் கூடும், படுத்தால் குறையும். மிகப் பெரும்பாலானவர்களுக்கு வருவது இதுதான். 2020இல் உலகம் முழுவதும் 61 கோடி 90 இலட்சம் பேர் நாரி நோவோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இரண்டாவது, நரம்பு வேர் நசிபடும் நோ. தட்டு பிதுங்கி நரம்பு வேரைத் தொட்டால் நாரியை விடக் காலில் நோ கூடுதலாக இருக்கும். பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே இறங்கும். கழுத்தில் நடந்தால் அதே நோ தோளிலிருந்து விரல் வரை ஓடும்.

மூன்றாவது, வயதோடு நரம்புக் குழாய் ஒடுங்குவது. கொஞ்சத் தூரம் நடந்ததும் இரண்டு கால்களும் கனத்து விறைக்கும். குந்தி இருந்தால் அல்லது கடையில் தள்ளுவண்டியில் சாய்ந்து குனிந்தபடி நடந்தால் சுகமாக இருக்கும். “சாமான் வாங்கப் போனால் மட்டும் அம்மாவுக்குக் கால் நோகாது” என்று எங்களுக்குத் தெரிந்த வீடொன்றில் பகிடி பண்ணுவார்கள். காரணம் இதுதான்.

நான்காவது, கழுத்தில் முண்ணாணே நசிபடுவது. இதில் நோ அதிகம் இல்லாமலும் இருக்கலாம். அதுதான் ஆபத்து. இதற்குப் பின்னர் வருவோம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

சிகிச்சை வகைகளைச் சொல்வதற்கு முன் ஒரு நண்பரின் கதையைச் சொல்ல வேண்டும். களஞ்சியசாலை ஒன்றில் இரவு வேலை செய்தவர். ஒரு வெள்ளிக்கிழமை நாரி நோ இரண்டு கால்களுக்கும் இறங்கியது. அடுத்த நாள் வைத்தியரிடம் போனபோது மொழிபெயர்க்கப் பதினைந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனார். “சலம் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா? கால்களுக்கு இடையில் விறைப்பு உண்டா?” என்று வைத்தியர் கேட்டார். மகள் வெட்கத்தோடு அதைத் தமிழில் கேட்டாள். அவர் “இல்லை” என்று சொன்னார்.

உண்மையில் முதல் நாள் இரவிலிருந்தே அவருக்குச் சலம் சரியாகப் போகவில்லை. துடைக்கும்போது தோல் மரத்திருந்தது. “உதெல்லாம் பொம்பிளைப் பிள்ளைக்கு முன்னாலை எப்பிடியண்ணை வாய் திறந்து சொல்லுறது?” என்று பிறகு எங்களிடம் கேட்டார். அந்த ஒரு “இல்லை”க்கு அவர் கொடுத்த விலை இன்றுவரை முடியவில்லை. சத்திரசிகிச்சை நடந்தது, கால்கள் நடக்கின்றன. ஆனால் சலப்பை பழையபடி வேலை செய்யவில்லை.

குதிரைவால் நரம்புக் கற்றை நசிபடும்போது வருவது இந்நிலை. அரிதானது, ஆனால் அவசரமானது. இதன் அறிகுறிகளை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்: சலம் கழிக்க முடியாமை, சலம் வருவது தெரியாமை அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, மலத்தை அடக்க முடியாமை, பிறப்புறுப்பு, மலவாசல், உட்தொடை ஆகிய இடங்களில் விறைப்பு, பாலுறவின்போது உணர்வு குறைவது, இரண்டு கால்களிலும் நோ அல்லது பலவீனம் கூடிக்கொண்டே போவது. நாரி நோவோடு இவற்றில் ஏதாவது புதிதாகத் தொடங்கினால் குடும்ப வைத்தியரின் நேர ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். இங்கே கணக்கு மணித்தியாலத்தில், நாளில் அல்ல.

இன்னொன்று. என்.எச்.எஸ் சேவையில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமில்லாமல் கேட்கலாம். தொலைபேசி வழியாகவும் தருவார்கள். நேரம் பதியும்போதே “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று சொல்லுங்கள். முகம் தெரியாத ஒருவரிடம் சலத்தைப் பற்றிச் சொல்வது, பெற்ற பிள்ளையிடம் சொல்வதை விட இலகு.

அவசரமில்லாவிட்டாலும் விரைவாக வைத்தியரிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு: காய்ச்சல், இரவில் வியர்ப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, படுத்தாலும் குறையாத இரவு நோ, விழுந்தபின் வந்த நோ, நீண்டகாலம் ஸ்டீரொயிட் மருந்து எடுத்திருப்பது. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒன்று முக்கியம். காசநோய் முள்ளந்தண்டையும் தாக்கக்கூடியது. ஊரிலோ முகாமிலோ உங்களுக்கோ வீட்டிலிருந்த ஒருவருக்கோ காசநோய் இருந்திருந்தால், முப்பது வருடம் கடந்திருந்தாலும் அதைச் சொல்லுங்கள்.

ஸ்கான் எல்லாவற்றையும் சொல்லுமா?

எங்கள் சனத்தின் முதல் கேள்வி, “ஏன் உடனே ஸ்கான் எடுக்கவில்லை?” என்பதுதான். எங்களுக்கும் அந்தக் கோபம் இருந்தது. விளக்கம் பிறகுதான் கிடைத்தது.

நோவே இல்லாத 3,110 பேரின் ஸ்கான் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. எந்த நோவும் இல்லாத 20 வயதுக்காரரில் 37 வீதமானோருக்கும், 50 வயதுக்காரரில் 80 வீதமானோருக்கும் தட்டுத் தேய்வு இருந்தது. 50 வயதில் 60 வீதமானோருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது. அதாவது ஐம்பது கடந்த எங்களைப் படமெடுத்தால் ஏதோ ஒன்று தெரியத்தான் போகிறது. தலைமயிர் நரைத்ததுபோலத் தட்டும் நரைக்கிறது. ஸ்கானில் தெரிவதுதான் நோவுக்குக் காரணமா என்பது வேறு கேள்வி. அதனால்தான் ஸ்கானின் முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும் அதைச் செய்யச் சொல்கிறார்கள்: ஆபத்து அறிகுறி இருக்கும்போது, அல்லது ஊசியோ சத்திரசிகிச்சையோ பற்றி யோசிக்கும்போது.

போரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உடலில் செல் துண்டோ துப்பாக்கிச் சன்னமோ இருந்தால், எம்.ஆர்.ஐ எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். கண்ணிலோ முக்கிய உறுப்புக்கு அருகிலோ உலோகம் இருந்தால் ஆபத்து ஏற்படலாம். படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கும். “பழைய காயம்தானே, இதைச் சொன்னால் வேறு விசாரணை வருமோ” என்று பயந்து ‘இல்லை’ என்று அடையாளமிட்டவர்களை நாங்கள் அறிவோம். அது உங்கள் பாதுகாப்புக்கான கேள்வி, அகதி விசாரணைக் கேள்வி அல்ல. சொன்னால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், தேவையானால் வேறு வகை ஸ்கான் செய்வார்கள். அதேபோல, தடுப்புக்காவலில் கட்டித் தூக்கப்பட்டும் அடிக்கப்பட்டும் வந்த தோள், கழுத்து, நாரி நோ உள்ளவர்கள் அதைச் சொன்னால்தான் வைத்தியர் சரியான வழியில் யோசிப்பார். நம்பிக்கையான ஒரு வைத்தியரிடம் ஒரு தடவை சொன்னால் போதும்.

கத்தியில்லாத வழிகள்

எங்கள் நாரிக்கு வருவோம். பரிசோதித்த இயன்மருத்துவர், காலை நேராகத் தூக்கிப் பார்த்தார், பெருவிரலின் பலத்தைப் பார்த்தார், சலம் பற்றிக் கேட்டார். “நரம்பு வேர் கோபத்தில் இருக்கிறது. பலம் குறையவில்லை. பெரும்பாலும் தானாக அடங்கும்” என்றார். தானாக அடங்குமா என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் பிதுங்கிய தட்டை உடலே மெல்ல மெல்லக் கரைத்து உறிஞ்சுவது உண்மை. பெரிதாகப் பிதுங்கி வெளிவந்த துண்டுகள்கூட அப்படிச் சுருங்குகின்றன. அதற்குக் கிழமைகளும் மாதங்களும் வேண்டும்.

இந்த நாட்டில் எந்தச் சிகிச்சை பயன் தருகிறது என்று மதிப்பிடும் ‘நைஸ்’ நிறுவனம் 2016இல் நாரி நோவுக்கும் கால் நரம்பு நோவுக்கும் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதையும் பின்னர் வந்த ஆய்வுகளையும் வைத்துப் பார்த்தால் நிலைமை இதுதான்.

அசைவு: படுத்தே கிடப்பது நோவை நீட்டிக்கும். நோவோடு இயன்றளவு நடமாடுவதே முதல் மருந்து. எங்களுக்கு முதல் நாட்களில் அது வீட்டுக்குள் பத்து நிமிட நடையாகத்தான் இருந்தது. பிறகு தபாற்கந்தோர் வரை, பிறகு பூங்கா வரை. நாரி நோ வந்து குணமான 701 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் செய்த ஆய்வொன்று 2024இல் வெளிவந்தது. படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு நோ திரும்பி வர எடுத்த இடைக்காலம் 208 நாட்கள். அப்படிச் செய்யாதவர்களுக்கு 112 நாட்கள். சப்பாத்தைத் தவிர வேறு செலவில்லாத மருந்து இது.

இயன்மருத்துவம்: இங்கிலாந்தின் பல பகுதிகளில் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமல் நீங்களே பதியலாம். பயிற்சிகள் எவை என்பதை விட, தொடர்ந்து செய்கிறீர்களா என்பதே முக்கியம். கையால் பிடித்து அசைக்கும் சிகிச்சை உடற்பயிற்சியோடு சேர்ந்தால் உதவலாம், தனியாகப் போதாது.

நைஸ் பரிந்துரைக்காதவை: நாரிப் பட்டி, சப்பாத்துக்குள் வைக்கும் தட்டு, இழுவைச் சிகிச்சை, நாரி நோவுக்கு அக்குபங்சர், மின் அதிர்வுக் கருவிகள். சூட்டு ஒத்தடமும் கோடாலித் தைலமும் சுகம் தந்தால் தாராளமாகப் பூசலாம். அவை நரம்பை விடுவிக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

மாத்திரைகள்: பரசிட்டமோல் தனியாகத் திடீர் நாரி நோவுக்கு வெறும் மாவுக் குளிசையை விடக் கூடுதலாக உதவவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. இபுப்ரோபன் போன்ற அழற்சி குறைக்கும் மருந்துகள் கொஞ்ச நாட்களுக்கு உதவலாம். ஆனால் சிறுநீரகக் குறைபாடு, வயிற்றுப்புண், இருதய நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது. சலரோகமும் இரத்த அழுத்தமும் எங்கள் வீடுகளில் கூடுதல் என்பதால் மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அபின் வகை மருந்து திடீர் நாரி, கழுத்து நோவுக்கு வெற்றுக் குளிசையை விட உதவவில்லை என்று 2023இல் இன்னொரு அவுஸ்திரேலிய ஆய்வு காட்டியது. கபபென்டின், பிரிகபலின் ஆகிய நரம்பு மருந்துகளைக் கால் நரம்பு நோவுக்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்கிறது நைஸ். 2019 ஏப்ரலிலிருந்து இவை இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஏற்கெனவே எடுப்பவர்கள் திடீரென நிறுத்த வேண்டாம், வைத்தியரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மிச்சக் குளிசையை வாங்கிப் போடும் பழக்கத்தையும் விடுவோம்.

ஊசி: வெறும் நாரி நோவுக்கு முள்ளந்தண்டில் ஊசி போடுவதை நைஸ் பரிந்துரைக்கவில்லை. காலுக்கு இறங்கும் கடுமையான புதிய நரம்பு நோவுக்கு நரம்பைச் சுற்றிப் போடும் ஊசியை யோசிக்கலாம். அது தட்டைச் சரிசெய்யாது, நோ அடங்கும் வரை மூச்சுவிட இடம் தரும். ஸ்டீரொயிட் கலந்த ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தச் சீனி ஏறும், சலரோகம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முள்ளந்தண்டின் சிறு மூட்டுகளிலிருந்து நீண்டகாலம் நோ வருபவர்களுக்கு, முதலில் ஒரு சோதனை ஊசி போட்டு அது பலித்தால், அந்த நுண் நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் முறையும் உண்டு.

மனமும் தூக்கமும்: “நோ மனதில்தான்” என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தூக்கமின்மை, பயம், வேலை போய்விடும் என்ற கவலை ஆகியவை நரம்புகளின் ஒலிபெருக்கியைக் கூட்டிவிடுகின்றன. நீண்டகால நோவுக்கு உளவியல் வழிச் சிகிச்சையையும் பயிற்சியோடு சேர்த்துத் தருவது அதனால்தான். அதை அவமானமாக எடுக்கத் தேவையில்லை.

எங்கள் கால் நோ பதினான்காவது கிழமையில் அடங்கியது. மகன் போட்ட கணக்கு செலவாகாமல் கிடந்தது.

கத்தி எதைச் சரிசெய்யும்?

ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். சத்திரசிகிச்சை நசிபட்ட நரம்பை விடுவிப்பதில் வல்லது. காரணம் தெளிவில்லாத வெறும் நாரி நோவைப் போக்குவதில் அவ்வளவு வல்லதல்ல. கால் நோவுக்கும் கை நோவுக்கும் பலன் கூட, நாரி நோவுக்கும் கழுத்து நோவுக்கும் பலன் குறைவு.

பிதுங்கிய தட்டின் துண்டை மட்டும் அகற்றுவது நுண்கருவிச் சத்திரசிகிச்சை. முள்ளந்தண்டுத் தட்டு பிதுங்கி நரம்பை நசிப்பதையும் அதைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவதையும் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் 1934இல் எழுதினார்கள். இன்று சிறு வெட்டு, அன்றோ அடுத்த நாளோ வீட்டுக்கு. ஆனால் எப்போது செய்வது? ஒல்லாந்தில் 283 நோயாளிகளை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. 6 முதல் 12 கிழமை வரை கடுமையான கால் நோ இருந்தவர்களில் பாதிப் பேருக்கு உடனே சத்திரசிகிச்சை, பாதிப் பேர் காத்திருப்பு. உடனே செய்தவர்களுக்கு நோ விரைவாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரு பக்கத்திலும் 95 வீதமானோர் குணமடைந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 வீதமானோர் அந்த வருடத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தும்கொண்டார்கள். எனவே பலம் குறையாதவரை இது விரைவுக்கும் ஆபத்துக்கும் இடையிலான தெரிவு. தாங்க முடிந்தால் காத்திருக்கலாம், தாங்க முடியாவிட்டால் செய்வதும் தவறல்ல.

ஒடுங்கிய குழாயை அகலப்படுத்த என்பின் பின்பகுதியைச் சிறிது அகற்றுவது இன்னொரு வகை. தள்ளுவண்டியில் சாய்ந்து நடப்பவர்களுக்கு நடைத் தூரத்தை இது மீட்டுத் தரலாம். திருகாணியும் கம்பியும் வைத்து இரு என்புகளைப் பொருத்துவது பெரிய சத்திரசிகிச்சை. வெறும் நாரி நோவுக்கு அதை ஆய்வுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்பதும், அங்கே செயற்கைத் தட்டு வைக்க வேண்டாம் என்பதும் நைஸின் நிலைப்பாடு. என்பு முறிவு, தொற்று, வளைவு, என்பு வழுக்குதல் போன்றவற்றில் நிலைமை வேறு.

கழுத்தில் பெரும்பாலும் முன்பக்கத்தால் போய், பழுதான தட்டை அகற்றி, அந்த இடத்தில் என்பை ஒட்ட வைப்பார்கள். பொருத்தமானவர்களுக்கு அசையக்கூடிய செயற்கைத் தட்டும் வைப்பதுண்டு.

ஆபத்துகளும் உண்மைதான்: தொற்று, இரத்தக் கட்டி, நரம்பின் உறை கிழிந்து நீர் கசிவது, அரிதாக நரம்பே காயப்படுவது, அதே தட்டு மீண்டும் பிதுங்குவது. கழுத்து முன்வழிச் சிகிச்சைக்குப் பின் குரல் கரகரப்பும் விழுங்கச் சிரமமும் வரலாம், பெரும்பாலும் மாறும். புகைப்பவர்களுக்கு என்பு ஒட்டுவது குறைவு. சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தொற்று கூட.

எங்கள் வீட்டுக் கழுத்து

எங்கள் நாரி அடங்கி இரண்டு வருடத்தின் பின் மனைவியின் கைகள் பேசத் தொடங்கின. கடைக் கல்லாவில் சில்லறைக் காசு விரலிடுக்கால் வழுகி விழுந்தது. சேலைச் சட்டையின் கொக்கி பூட்ட மகளைக் கூப்பிட்டா. இடியப்ப உரலைப் பிழியப் பலமில்லை. இருட்டில் படி இறங்கும்போது சுவரைப் பிடித்தா. கழுத்து நோ என்று பெரிதாக ஒன்றும் இல்லை. “சீனி வருத்தத்தாலை வாற விறைப்புத்தான், விடுங்கோ” என்றா. நாங்களும் தைலம் தேய்த்து எட்டு மாதத்தைப் போக்கினோம். ஒரு காலாண்டு வரிக்கணக்கு ஒரு நாள் பிந்தினால் துடிக்கிற நாங்கள், இதை எட்டு மாதம் பிந்த விட்டோம்.

கடைசியில் இயன்மருத்துவர் ஒருவர் விரல்களை விரைவாக மூடித் திறக்கச் சொன்னார். ஒரு கயிற்றின் மேல் நடப்பதுபோல நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார், கால் துள்ளியது. அன்றே அவசர ஸ்கானுக்கு எழுதினார். கழுத்தில் முண்ணாண் நசிபட்டிருந்தது.

இதுதான் நாங்கள் மேலே சொன்ன நான்காவது வகை. இங்கே காத்திருப்பு மருந்தல்ல. சத்திரசிகிச்சை நிபுணர் நேராகவே சொன்னார்: “இது இழந்ததைத் திருப்பித் தருவதற்கான சிகிச்சை அல்ல. இனி இழக்காமல் நிறுத்துவதற்கான சிகிச்சை. கொஞ்சம் திரும்பினால் அது இலாபம்.” மனைவி ஒரு கேள்விதான் கேட்டா: “செய்யாவிட்டால்?” “நடையும் கையும் படிப்படியாகக் குறையலாம், எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது” என்றார். அடுத்த மாதம் சத்திரசிகிச்சை நடந்தது.

நடை உறுதியானது. கொக்கியைத் தானே பூட்டுகிறா. கையெழுத்து மட்டும் பழையபடி வரவில்லை. எட்டு மாதம் முன்னதாகப் போயிருந்தால் வந்திருக்குமா என்று நாங்கள் கேட்பதில்லை. ஆனால் நினைப்பதுண்டு. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

கைகள் நயமான வேலைக்குத் தடுமாறினால், நடையில் தள்ளாட்டம் வந்தால், கழுத்து நோ இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் போங்கள். அது தெளிவாகும் வரை எவரையும் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்க விடாதீர்கள்.

வேலையும் காசும்

“நின்றால் சம்பளம் நின்றுவிடும்” என்ற பயத்தில் நோவை மறைத்து மூட்டை தூக்குபவர்கள் எங்கள் மத்தியில் பலர். முதல் 7 நாட்கள் சுகவீனத்துக்கு வைத்தியச் சான்றிதழ் தேவையில்லை, நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதன்பின் தரும் சான்றிதழில் “வேலைக்கு முடியாது” என்பதோடு, “இன்ன மாற்றங்களோடு முடியும்” என்றும் எழுதலாம்: பாரம் தூக்காமல், நேரம் குறைத்து, இடையிடையே எழும்பி நடந்து. 2022 ஜூலையிலிருந்து இயன்மருத்துவர்களும் இதை வழங்கலாம். தகுதியுள்ளவர்களுக்குச் சட்டப்படியான சுகவீனக் கொடுப்பனவு 28 கிழமைகள் வரை உண்டு. 12 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கணிசமான பாதிப்பு 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ் வரலாம், அப்போது நியாயமான மாற்றங்களைச் செய்வது முதலாளியின் கடமை. கையில் காசாகச் சம்பளம் வாங்குபவருக்கு இவற்றைக் கேட்டுப் பெறுவது கடினம். கணக்காளராக இதைச் சொல்ல எங்களுக்கு உரிமையுண்டு: சம்பளச் சீட்டு நோவின்போதுதான் தன் பெறுமதியைக் காட்டும்.

வெளிநாட்டில் போய்ச் சத்திரசிகிச்சை செய்ய நினைப்பவர்கள் படுக்கைக் கட்டணத்தை மட்டும் கூட்ட வேண்டாம். காயத்தில் சீழ் வைத்தால் யார் பார்ப்பது? எத்தனை நாளின் பின் விமானத்தில் இருக்கலாம்? பதிவுகளும் ஸ்கான் படங்களும் கையில் தருவார்களா? முக்கியமாக, இது தேவை என்று பணம் வாங்காத ஒரு வைத்தியரும் சொன்னாரா?

நிபுணர் முன் இருக்கும்போது கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. என் நோவுக்குக் காரணம் ஸ்கானில் தெரிவதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
2. இந்தச் சிகிச்சை எந்த நோவைக் குறைக்கும், எதைக் குறைக்காது?
3. மூன்று மாதம் காத்திருந்தால் எதை இழக்கக்கூடும்?
4. என் சீனி, வயது, மருந்துகள் ஆகியவற்றோடு ஆபத்து எவ்வளவு?
5. எப்போது வாகனம் ஓட்டலாம், எப்போது வேலைக்குப் போகலாம்?

மூன்றாவது கேள்வியே பெரும்பாலும் முடிவைத் தரும். எங்கள் நாரிக்கு அதன் பதில் “ஒன்றுமில்லை”. மனைவியின் கழுத்துக்கு அதன் பதில் “கையும் காலும்”.

இந்த ஜனவரியிலும் பைகள் வந்து குவிந்தன. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மனைவி வாசலில் வந்து நின்று, “எழும்புங்கோ, நடந்துபோட்டு வந்து எழுதலாம்” என்றா. எழும்பி நடந்தோம். நண்பரும் ஒரு பையோடு வந்திருந்தார். அடுத்த பரிசோதனைக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பதிந்துவிட்டதாகச் சொன்னார். மகள் இப்போது பல்கலைக்கழகத்தில். அவளைக் கூட்டிக்கொண்டு போவதில்லையாம்.